கல்லறையில் பருத்தி விளையாது

கராஜ் காலியாக இருந்தது. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி ரஸ் ப்ரூவெட்டின் கண் திரும்பத் திரும்ப அந்த நடு இடத்துக்கே போய் வந்தது.

"இங்கதான் சார் நின்னுச்சு. அப்பா கட்டுன கடைசி வண்டி. அவரை அடக்கம் பண்ணி இன்னும் மாசம்கூட முடியலை."

எமெட் ஸ்ட்ராடர் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தான். துப்பறியும் வேலைக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் திருட்டு வண்டிகளைத் தேடி அலைந்தவன். காலி கராஜ் அவனுக்குப் புதிதில்லை. இவ்வளவு சுத்தமான கராஜ்தான் புதிது. எண்ணெய்க் கிணற்று ஊரான இந்த ஆயில்டேல் பக்கம் எந்த வீட்டுக் கராஜைத் திறந்தாலும் ஒரு பழைய ஃபோர்டு எலும்புக்கூடாக நிற்கும், சுற்றிலும் பீர் டப்பாவும் எண்ணெய்த் துணியும் கிடக்கும். ரஸ்ஸின் அப்பா லாய்ட் ப்ரூவெட்டின் கராஜில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

"என்ன வண்டி?" என்றாள் பெர்னிஸ். எமெட்டின் உதவியாளர். கடல் கடந்து ஆடு மேய்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பாஸ்க் குடும்பத்துப் பெண். நாற்பது வயது. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு.

"முப்பத்தி நாலாம் வருஷத்து ஃபோர்டு கூப், ரெண்டு கதவு வண்டி. கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய இன்ஜின் போட்டு, ஒவ்வொரு தகடா அடிச்சு நிமித்தி... இந்தப் பள்ளத்தாக்குல பழைய காரைப் பிரிச்சு ஹாட் ராட்டா மாத்திக் கட்டறவங்க அப்பா பேரைக் கேட்டாலே தொப்பியைக் கழட்டுவாங்க, மேடம்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு வண்டி கட்டறாரு. அதை யாராவது திருடினா நான் கேக் வெட்டுவேன்."

ரஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. விஷயத்தைச் சொன்னான். அவன் சான் டியேகோவில் இருப்பவன். நியூபோர்ட் பீச்சில் ஒரு பணக்காரர், 'லாய்ட் ப்ரூவெட் கையால் கட்டிய கடைசி வண்டி' என்று தன் சேகரிப்பில் வைக்க ஆசைப்பட்டுப் பேசி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய நிபுணர் வந்து வண்டியைச் சோதிப்பதாக ஏற்பாடு. அதற்காக ரஸ் நேற்று, செவ்வாய்க்கிழமை, இங்கே வந்து கதவைத் திறந்தால் வண்டி இல்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் தினமும் மத்தியானம் கல்லறைக்குப் போய்விடுவார்.

"பூட்டு உடையலை," என்றான் எமெட்.

"இல்லை சார்."

"மூலையில ஒரு இன்ஜின் நிக்குது. அதைத் தூக்கிட்டுப் போய் வித்தாலே ஒருத்தன் சந்தோஷமா இருக்கலாம். தொடவே இல்லை." எமெட் குனிந்தான். தரையின் ஓரத்தில் வெளிறிய ஒரு சதுரம் தெரிந்தது. "இங்க என்ன இருந்துச்சு?"

ரஸ் யோசித்தான். "கேஸ் சிலிண்டர் வண்டி. தீ கக்குற வெல்டிங் டார்ச்சோட."

"வண்டியோட சேர்ந்து டார்ச்சும் போயிருக்கு. கட்டி முடிச்ச வண்டிக்கு டார்ச் எதுக்கு?"

"கல்யாணப் பொண்ணைக் கடத்துறவன் கூடவே ரம்பத்தையும் எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு," என்றாள் பெர்னிஸ்.

சிலிண்டர் நின்ற இடத்துக்கு மேலே சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்று எமெட்டின் தலை உயரத்தில். இன்னொன்று அவன் மார்புக்குக் கீழே. இரண்டுக்கும் அடியில் சுவரில் வட்டமாகக் கரி படிந்திருந்தது.

"இதுல என்ன மாட்டுவாரு?"

"வெல்டிங் கண்ணாடி. அதையும் காணோமே." ரஸ்ஸுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. "ஒண்ணு உபரியா இருக்கும்."

"அப்பா என்ன உயரம்?"

"ஆறடி."

எமெட் தாழ்ந்த ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

சமையலறையில் வானெட்டா ப்ரூவெட் காபி ஊற்றிக் கொடுத்தார். குள்ளமான, ஒடிசலான பெண்மணி. எழுபதைத் தொட்டிருப்பார். கண் வீங்கியிருந்தது, ஆனால் மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கோப்பையை எமெட் முன்னால் வைத்தபோது அதன் கைப்பிடி அவனுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. அவன் திருப்பி எடுத்துக்கொண்டான்.

"கிடைக்கலைன்னா விட்டுடுங்க, மிஸ்டர் ஸ்ட்ராடர்," என்றார். "இரும்புதானே. அவரே போயிட்டாரு."

"நீங்க எதையாவது பாத்தீங்களாம்மா? சத்தம் கேட்டுச்சா?"

"இந்தப் பனியில எதிர் வீடே தெரியறதில்லை."

அது உண்மைதான். ஜனவரி பிறந்ததிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தது. வானெட்டா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "நான் கல்லறைக்குக் கிளம்பணும். தப்பா நினைக்காதீங்க."

பெர்னிஸ் கூடவே எழுந்து, அவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். வானெட்டா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

*

சந்தேகப்படுவதற்கு ரஸ் ஒரே ஒரு பெயரைத்தான் கொடுத்திருந்தான். ஆர்வில் ஹென்ஷா. லாய்டின் பழைய கூட்டாளி, சமீப காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டாஃப்ட் போகிற சாலையில் அவர் வீடு. கராஜ் கதவு திறந்தே இருந்தது. ஆர்வில் ஒரு ஃபோர்டின் அடியிலிருந்து சக்கரப் பலகையில் படுத்தபடி வெளியே வந்தார்.

"நான் திருடலை தம்பி," என்றார், யாரென்று கேட்காமலே. "திருடுறதா இருந்தா அவன் உயிரோட இருக்கும்போதே திருடியிருப்பேன். அப்பதானே வலிக்கும்."

"நல்ல மனுஷன்," என்று முணுமுணுத்தாள் பெர்னிஸ்.

"என்ன சண்டை உங்களுக்குள்ள?" என்று கேட்டான் எமெட்.

ஆர்வில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த ஃபோர்டின் ஃப்ரேமைத் தட்டிக் காட்டினார். "இது ரொம்ப நாளைக்கு முந்தி லாய்ட் கட்டுனது. நான்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். இந்த வெல்டிங்கைத் தொட்டுப் பாரு."

எமெட் தொட்டான். கெட்டியான ஒட்டு. கொஞ்சம் கரடுமுரடு.

ஆர்வில் அலமாரியிலிருந்து ஒரு பெட்ரோல் டேங்க்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "இது போன வருஷம் எங்க ஹாட் ராட் கிளப்புக்காக அவன் பண்ணிக் கொடுத்தது."

டேங்க்கின் ஓரம் நெடுக ஒட்டு ஓடியது. மீன் செதில் அடுக்கிய மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, ஒரே அளவில், ஒரே மூச்சில். எமெட் தன்னையறியாமல் விரலை ஒருமுறை அதன்மேல் ஓட்டினான்.

"அழகா இருக்கில்ல?" என்றார் ஆர்வில். "எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. எனக்குக் கையெழுத்தே கோணலாப் போகுது. அவனுக்கு மட்டும் வயசாக வயசாகக் கை திருந்துமா?"

எமெட் டேங்க்கையும் ஃப்ரேமையும் மாறி மாறிப் பார்த்தான். "செதில் ரெண்டுலயும் ஒரே பக்கம் பாக்கலையே."

"அதுதான் விஷயம். வலதுகைக்காரன் டார்ச்சை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் தள்ளிக்கிட்டுப் போவான். லாய்ட் அப்படித்தான். இந்த டேங்க்ல தலைகீழா ஓடுது. இடதுகைக்காரன் வேலை." ஆர்வில்லின் குரல் ஏறியது. "யாரோ ஒருத்தனை ரகசியமா வெச்சு வேலை வாங்கியிருக்கான். கண்காட்சியில தன் பேரைப் போட்டுப் பரிசுக் கோப்பை வாங்கியிருக்கான். வீட்டுக் கராஜ்ல சொந்தக் கையால கட்டுனாதான் அது வண்டி. இல்லைன்னா கடையில வாங்கிக்கலாமே. எங்க ஆளுங்களுக்கு இதைவிட அசிங்கம் கிடையாது."

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"அந்த நியூபோர்ட் ஆள்கிட்ட. நிபுணரை அனுப்பி ஒட்டைப் பாக்கச் சொன்னதே நான்தான்." சற்று நிறுத்தினார். "அப்புறம் வானெட்டாகிட்ட. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு, அவ வீட்டுலயே. நிபுணர் வரட்டும், உன் புருஷன் சாயம் வெளுக்கும்னேன்."

பெர்னிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாவு வீட்டுலயா?"

"குடிச்சிருந்தேன்." ஆர்வில் டேங்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நேரா சமையலறைக்குப் போனா. இன்னொரு துண்டு ஆப்பிள் பை கொண்டாந்து என் தட்டுல வெச்சா."

எமெட் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்த அந்தக் காபிக் கோப்பையின் கைப்பிடியை நினைத்தான். இடது கைக்காரர்தான் கோப்பையை அப்படி வைப்பார். பெர்னிஸும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ், கல்லறையில பருத்தி விளையுமா?"

"என்ன?"

"அந்தம்மா தினமும் கல்லறைக்குப் போறாங்களாம். ஸ்வெட்டர் கையில ஒட்டியிருந்தது பஞ்சு. விதையோட."

எமெட் ஆர்வில்லின் தொலைபேசியிலிருந்து ரஸ்ஸைக் கூப்பிட்டான். "உங்கம்மா பொறந்த வீட்டுல என்ன தொழில்?"

"தாத்தா பட்டன்வில்லோ பக்கத்துல ஜின்னிங் ஷெட் வெச்சிருந்தாரு. பருத்தி அரைக்கிறது. இப்ப பூட்டிக் கிடக்கு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்றான் எமெட். சொன்ன விதம் அவனுக்கே பிடிக்கவில்லை.

*

பட்டன்வில்லோவுக்குப் போகிற வழியில் பெர்னிஸ் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. பனிக்குள்ளிருந்து எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள் எழுந்து குனிந்தன. அறுவடை முடிந்த பருத்திக் காட்டில் காய்ந்த குச்சிகளில் வெள்ளை வெள்ளையாக மிச்சம் தொங்கியது.

ஷெட்டுக்கு வெளியே ஒரு பிக்கப் நின்றது, பின்னால் காலி டிரெய்லரோடு. தகரச் சுவரின் இடுக்குகளில் நீல வெளிச்சம் வந்து வந்து போனது. அவர்கள் கதவைத் தள்ளியதும் டார்ச்சின் சீறல் நின்றது.

வானெட்டா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். தோல் கையுறை, மேலே அதே ஸ்வெட்டர். அவரைச் சுற்றித் தரையில் கிடந்தது முப்பத்தி நான்காம் வருஷத்து ஃபோர்டு. கூரை ஒரு பக்கம், கதவுகள் ஒரு பக்கம், பின்பக்கத் தகடு சுவரில் சாய்ந்தபடி.

கோபத்தில் நொறுக்கிய வண்டியில்லை அது என்பதைப் புரிந்துகொள்ள எமெட்டுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. ஒரு தகடும் நசுங்கவில்லை. அவர் ஒட்டுகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். ஒவ்வொரு ஒட்டையும். வெட்டிய துண்டுகள் ஒரு வாளியில் கிடந்தன.

"இன்னும் ரெண்டு கூரைத் தூண்தான் பாக்கி," என்றார். "நாளைக்கு முடிஞ்சிருக்கும்."

"உக்காருங்கம்மா," என்றாள் பெர்னிஸ்.

ஒரு பழைய பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்தார். அழவில்லை. "ஆர்வில் சொன்னானா?"

"அவருக்கு யாருன்னு தெரியலை," என்றான் எமெட். "கூலிக்கு ஆள் வெச்சாருன்னு நினைக்கிறாரு."

"கூலி..." அவர் உதடு லேசாகக் கோணியது. "லாய்டுக்கு மொதல்ல கோப்பை நடுங்குச்சு. காபி சிந்தும். அப்புறம் டார்ச் நடுங்குச்சு. ஒரு நாள் நல்ல ஃப்ரேம் ஒண்ணுல ஓட்டை போட்டுட்டாரு. கண்ணாடியைக் கழட்டி வீசிட்டுத் தரையில உக்காந்துட்டாரு. எழுந்திரிக்கவே இல்லை. ஆறுதலுக்குன்னுதான் நான் டார்ச்சைக் கையில எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல ஓட்டுனேன். கண்றாவியா வந்துச்சு. பரவாயில்லை, இன்னொண்ணு போடுன்னாரு. போட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு கட்டத்துல அவர் சொல்றதை நிறுத்திட்டாரு. ஸ்டூல் போட்டு உக்காந்து பாப்பாரு. ஒட்டுறதுக்குக் கம்பி மட்டும் எடுத்து நீட்டுவாரு. கை கிடந்து ஆடும். நான் அந்த ஆட்டத்துலேர்ந்தே வாங்கிக்குவேன்."

"நீங்கதான்னு வெளியே சொல்லியிருக்கலாமே," என்றான் எமெட்.

"சொல்லிட்டா அவருக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பேர் ஒண்ணுதான் அவர்கிட்ட நடுங்காம இருந்துச்சு."

"அதுக்காக வெட்டணுமாம்மா? ஒளிச்சு வெச்சிருந்தாப் போதாதா?"

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களே."

எமெட் வாளியில் கிடந்த ஒட்டுகளைப் பார்த்தான். கிளப்புக்காரர்கள் தொட்டுத் தொட்டுப் பெருமூச்சு விட்ட வேலை, மீன் வெட்டியபின் ஒதுக்கிய கழிவு மாதிரி குவிந்து கிடந்தது. பல வண்டிகளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். கண்டுபிடித்திருக்கக் கூடாது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. ரஸ். தொலைபேசிக் கேள்வியை வைத்து அவனும் கணக்குப் போட்டிருக்கிறான். உள்ளே வந்தவன் வண்டியைப் பார்த்தான். பிறகு அம்மாவின் கையுறையைப் பார்த்தான்.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"

"நான்தான்."

"ஏன்?"

"அது நான் கட்டுனது, ரஸ். அதுக்கு முந்தி வந்த மூணு நாலு வண்டியும்தான். அப்பாவுக்குக் கை வரலை. ஒட்டைப் பாத்தா நிபுணருக்குத் தெரிஞ்சிடும்."

ரஸ் அவர் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினான். "சரிம்மா. சரி. வா, வீட்டுக்குப் போலாம். டாக்டரைப் பாத்துட்டு என்கூட சான் டியேகோ வந்துடு." பிறகு எமெட் பக்கம் திரும்பினான். "அப்பா போனதுலேர்ந்தே இப்படித்தான் சார். ஒருநாள் காபியில உப்பைப் போட்டுக் கொடுத்தாங்க. வண்டி போகட்டும். வெளியே யாருக்கும் சொல்லாதீங்க."

வானெட்டா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை உடைத்துச் சொல்லியாயிற்று. சொன்னது போய்ச் சேரவில்லை. எமெட் வாயைத் திறந்தான். பெர்னிஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வானெட்டா எழுந்தார். டார்ச்சின் முனையைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். வெட்டுகிற முனை வேறு, ஒட்டுகிற முனை வேறு. கூரைத் தூணின் இரண்டு துண்டுகளைப் பலகைமேல் சேர்த்து வைத்து இறுக்கினார். பையிலிருந்து இன்னொரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். பெரியது, தோல் பட்டையில் வியர்வைக் கறை படிந்தது.

"அப்பாவோடது. போட்டுக்க. வெறுங்கண்ணால பாக்காதே."

ரஸ் தயங்கி மாட்டிக்கொண்டான். எமெட்டும் பெர்னிஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பியும் எதிர்ச் சுவரில் அந்த வெளிச்சம் ஆடியது. சீறல் ஒரே சீராகக் கேட்டது. இடையில் ஒருமுறைகூட விக்கவில்லை.

நின்றதும் திரும்பினார்கள். இரும்பு சிவப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இடமிருந்து வலமாகச் செதில் செதிலாக ஓடிய ஒட்டைப் பார்த்தபடி ரஸ் நின்றான். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"லீவுக்கு வரும்போதெல்லாம் உன் மணிக்கட்டுல புள்ளி புள்ளியா சுட்டிருக்கும்," என்றான் கடைசியில். "அடுப்புல பட்டுதுன்னு சொன்னியே."

"அதுவும் நெருப்புதானே."

"அப்பா என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

"அவருக்கு ஊருக்கே சொல்லணும்னு ஆசை. ஒவ்வொரு தடவை மேடை ஏறும்போதும் இன்னைக்குச் சொல்லிடறேன்னுவாரு. கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அந்தக் கோவத்துல, வாங்கின கோப்பை ஒண்ணையும் வீட்டுக்குள்ள வெக்க விடலை. அட்டைப்பெட்டியில போட்டுப் பரண்மேல ஏத்திட்டாரு."

ரஸ் கண்ணாடியைக் கழற்றினான். அதன் உட்பக்கம் நனைந்திருந்தது. அதைத் துடைத்து, மடித்து, அப்பாவின் சட்டைப்பையில் வைப்பதுபோல் பதனமாகத் தன் பையில் வைத்துக்கொண்டான். நியூபோர்ட்காரருக்குத் தானே தகவல் சொல்லிவிடுவதாகச் சொன்னான். வண்டி இல்லை, அவ்வளவுதான். ஆர்வில் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

"அவர்கிட்டயும் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டான் எமெட்.

"வேண்டாம்," என்றார் வானெட்டா. "அவனுக்கு லாய்டைத் தவிர சண்டை போட வேற ஆள் கிடையாது."

பெர்னிஸ் கிளம்பவில்லை. வாளி ஓரத்திலேயே நின்றாள்.

"அம்மா," என்றாள் தயங்கியபடி. "அவர் மேடையில கோப்பை வாங்கும்போதெல்லாம் நீங்க எங்க இருப்பீங்க?"

வானெட்டா கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

"முன் வரிசையிலதான். எல்லாரும் தட்டி முடிச்ச அப்புறமும் கை தட்டிக்கிட்டே இருப்பேன். பக்கத்துல இருக்கறவங்க சிரிப்பாங்க, புருஷன்மேல என்ன பெருமை பாருன்னு."